பூண்டி ஏன் கும்பகோணம், வேளாங்கண்ணி ஏன் தஞ்சாவூர்? டெல்டாவின் மறைமாவட்ட எல்லைகளும் பழைய பதிவேடுகளும்

வெட்டாறு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கத்தோலிக்கப் பங்கின் விழா மலருக்கு வரலாற்றுப் பக்கங்கள் தயாராகின்றன. பங்கு இன்று தஞ்சாவூர் மறைமாவட்டத்தில், அதாவது தஞ்சை ஆயரின் ஆட்சிப்பகுதியில் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சில இடங்களைத் தெளிவுபடுத்த வேண்டும்.

பெரியவர்கள் எங்களுக்கு மயிலாப்பூர் மேற்றிராணியார்தான் (ஆயர்) என்கிறார்கள். பக்கத்து ஊரில் கேட்டால் முதலில் புதுச்சேரி, பிறகு கும்பகோணம் என்கிறார்கள். ஒரே வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் இரண்டு ஊருக்கு இரண்டு ஆயர் எப்படி? பூண்டி தஞ்சாவூர் மாவட்டம், ஆனால் கும்பகோணம் மறைமாவட்டம். காரைக்காலைச் சுற்றிலும் தஞ்சாவூர் மறைமாவட்டம், காரைக்கால் மட்டும் புதுச்சேரி. திருச்சிக்கு மதுரைப் பேராயர், தஞ்சைக்குப் புதுச்சேரிப் பேராயர். இதற்கெல்லாம் காரணம் என்ன?

அந்தப் பேராயருக்கு நம் மறைமாவட்டத்தில் என்ன அதிகாரம் என்பதும் தெரிய வேண்டும். கடைசியாக, 1952க்கு முந்தைய ஞானஸ்நான, திருமணப் பதிவுகளை எங்கே தேடுவது?

---

கொள்ளிடக்கரை

எல்லைக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். வருவாய்த்துறை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது புரியவே புரியாது. அந்த ஊருக்குக் குருவை அனுப்பியது யார் என்று கேளுங்கள், எல்லைக்கோடு தானாகத் தெரியும்.

டெல்டாவில் மூன்று கைகள் வேலை செய்தன. முதல் கை போர்த்துக்கல். கிழக்கே உள்ள கோயில்களுக்கு ஆயர்களை முன்மொழியவும் குருக்களை அனுப்பவும் அந்த நாட்டு மன்னருக்கு ரோமாபுரி கொடுத்திருந்த உரிமையைப் பதுரவாதோ என்பார்கள். மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606 ஜனவரி 9 அன்று, கோவாவுக்குக் கீழ்ப்பட்டதாக, இந்த உரிமையின்படி உருவானது. நாகப்பட்டினம் போர்த்துக்கீசியர் குடியிருந்த துறைமுகம். 1658இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்த பிறகும் அந்தக் கடற்கரையின் கத்தோலிக்கர்கள் மயிலாப்பூர்த் தொடர்பை விடவில்லை. வேளாங்கண்ணி 1771இல் தனிப் பங்கானதும் அந்த ஆட்சியின் கீழேதான்.

இரண்டாவது கை, ரோமாபுரி 1622இல் தொடங்கிய விசுவாசப் பரப்புதல் பேராயம். புரொப்பகாந்தா என்று சொல்வோமே, அதுதான். அது அனுப்பிய பாரீஸ் வேதபோதகச் சபைக் குருக்கள் புதுச்சேரியைத் தலையிடமாகக் கொண்டார்கள். அதற்கு முன் உள்நாட்டில் உழைத்தவர்கள் சேசுசபையார். 1773இல் அந்தச் சபை கலைக்கப்பட்டதால் 1776இல் பாரீஸ் சபையார் பொறுப்பேற்றார்கள். சேசுசபை 1814இல் மீண்டும் உயிர்பெற்றது. 1838இல் பிரெஞ்சு சேசுசபையார் புதிய மதுரை மிஷனுக்கு வந்தார்கள். அவர்களை மூன்றாவது கை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கும் மதுரை மிஷனுக்கும் இடையே பெரும்பாலும் காவிரிதான் எல்லை. லால்குடிப் பக்கத்துப் புறத்தாக்குடி திருச்சி நகரத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தும் இன்று கும்பகோணம் மறைமாவட்டத்தில் இருப்பது அந்தக் கோட்டினால்தான்.

ஆற்றோடு மட்டும் பிரித்திருந்தால் குழப்பமே இருந்திருக்காது. 1838 ஏப்ரல் 24 அன்று பாப்பரசர் 16ஆம் கிரகோரி ஓர் ஆணையால் மயிலாப்பூர், கொச்சி, கொடுங்கல்லூர் ஆசனங்களின் ஆட்சியுரிமையை நிறுத்தி, அந்தப் பகுதிகளை அப்போஸ்தலிக்கப் பதில் ஆயர்களிடம், அதாவது பாப்பரசர் பெயரால் ஆள்பவர்களிடம் ஒப்படைத்தார். கோவா சார்ந்த குருக்கள் பலர் இதை ஏற்கவில்லை. ஒரே ஊரில் இரண்டு கோயில், இரண்டு சாமியார், இரண்டு கட்சி என்ற நிலை இங்கிருந்துதான் முற்றியது. 1857இலும் 1886இலும் போர்த்துக்கலோடு உடன்பாடுகள் நடந்தன. 1886 உடன்பாட்டில் மயிலாப்பூர் மீண்டும் முழு மறைமாவட்டமானது. அதன் ஆட்சிப்பகுதி ஒட்டாத துண்டுகளாக இருந்தது: மயிலாப்பூரைச் சுற்றி ஒன்று, தொலைவில் தஞ்சை-நாகைப் பக்கம் இன்னொன்று. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் மயிலை மேற்றிராணியார் இந்தத் துண்டுக்கு உரியவர். பக்கத்து ஊர் பாரீஸ் சபைக் குருக்கள் பார்த்த ஊராக இருந்திருக்கும், அதனால் அவர்களுக்குப் புதுச்சேரி. இரட்டை ஆட்சியை அடியோடு நீக்க 1928 ஏப்ரல் 15 உடன்பாடு தேவைப்பட்டது. ஆயர்களை முன்மொழியும் உரிமையைப் போர்த்துக்கல் விட்டுக்கொடுத்தது 1950இல்.

இப்போது தேதிகள். 1886 செப்டம்பர் 1 அன்று பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் (லியோ) இந்தியாவுக்கு முறையான ஆயர் ஆட்சியமைப்பைக் கொடுத்தார். புதுச்சேரி உயர்மறைமாவட்டம் (பேராயரின் மறைமாவட்டம்) ஆனதும், திருச்சிராப்பள்ளி மறைமாவட்டம் ஆனதும் அந்த நாளில்தான். சரியாக 13 வருடம் கழித்து, 1899 செப்டம்பர் 1, புதுச்சேரியிலிருந்து கும்பகோணம் பிரிந்தது. முதல் ஆயர் பாரீஸ் சபையின் பொத்தேரோ ஆண்டகை. 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது கும்பகோணமும் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்தது. திருச்சியிலிருந்து 1923இல் தூத்துக்குடியும் 1938இல் மதுரையும் பிரிந்தன. 1952 நவம்பர் 13 அன்று மயிலாப்பூரின் தென்துண்டு தஞ்சாவூர் மறைமாவட்டமானது. வடதுண்டு சென்னையோடு இணைந்து சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமானது. தஞ்சையின் முதல் ஆயர் ஆர்.ஏ. சுந்தரம் ஆண்டகை 1953இல் பொறுப்பேற்றார். அதே 1953இல் மதுரை உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது. புதுச்சேரியும் அந்த ஆண்டுதான் புதுவை-கடலூர் என்று பெயர் மாறியது.

ஆக, பூண்டி பாரீஸ் சபை வழி, அதனால் கும்பகோணம். வேளாங்கண்ணி பதுரவாதோ வழி, அதனால் தஞ்சாவூர். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சி ஊர், புதுச்சேரியைவிட்டுப் பிரியவே இல்லை. திருச்சி சேசுசபை வழி, அதனால் மதுரை மறைமாநிலம், அதாவது மதுரைப் பேராயரைச் சார்ந்த மறைமாவட்டக் கூட்டம்.

மலர் எழுதும்போது ஒரு தவறு மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் உழைத்தது 18ஆம் நூற்றாண்டில். அப்போது கும்பகோணம் மறைமாவட்டமே கிடையாது. "கும்பகோணம் மறைமாவட்டத்தில் வீரமாமுனிவர் பணியாற்றினார்" என்று எழுதினால் காலம் புரண்டுவிடும். "இன்றைய கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஏலாக்குறிச்சியில்" என்று எழுதுங்கள்.

---

தென்னந்தோப்பு

மேலே சொன்னதோடு ஒரு சேதி. 1953 வரை புதுச்சேரி மறைமாநிலத்துக்குள் மலாக்காவும் இருந்தது, அதாவது மலாயா, சிங்கப்பூர்ப் பகுதி. பாரீஸ் சபையார்தான் அங்கேயும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போன டெல்டாக் குடும்பங்களுக்கு அங்கே தமிழ் தெரிந்த குரு கிடைத்ததில் இந்தத் தொடர்புக்குப் பங்குண்டு. உங்கள் ஊரிலிருந்து போனவர்கள் இருந்தால் அவர்களின் திருமணக் குறிப்பு மலேசியப் பங்கிலிருந்து இங்கே வந்து ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் ஏறியிருக்கும். தேடிப் பாருங்கள்.

---

சான்சரி மேசை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சொல்லிலேயே சிக்கல் இருப்பதால் அதை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

கத்தோலிக்கர் வழக்கில் ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். தென்னிந்தியத் திருச்சபையிலோ பிஷப்பையே பேராயர் என்பார்கள், மறைமாவட்டத்தைத் திருமண்டலம் என்பார்கள். திருச்சி-தஞ்சைத் திருமண்டலம் என்று செய்தித்தாளில் வந்தால் அது தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்க மறைமாவட்டம் அல்ல. தரங்கம்பாடி வழி வந்த லுத்தரன் திருச்சபைக்கும் திருச்சியில்தான் தலைமையகம். பழைய செய்தித்துணுக்குகளை மலரில் சேர்க்கும்போது எந்தச் சபை என்று உறுதி செய்யாமல் போட்டுவிட வேண்டாம்.

இன்னொரு சொல் பேராலயம். ஆயரின் ஆசனம் இருக்கும் கோயிலையும் பேராலயம் என்கிறோம், பாப்பரசர் சிறப்புப் பட்டம் கொடுத்த பசிலிக்காவையும் பேராலயம் என்கிறோம். வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை ஆலயம் 1962இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் (ஜான்) கொடுத்த பட்டத்தால் பசிலிக்கா. பூண்டி மாதா ஆலயம் 1999இல் பசிலிக்கா ஆனது. இரண்டிலும் ஆயரின் ஆசனம் இல்லை. தஞ்சை ஆயருக்கு ஆசனக் கோயில் தஞ்சாவூர் திரு இருதயப் பேராலயம், கும்பகோணம் ஆயருக்குக் கும்பகோணம் அலங்கார அன்னைப் பேராலயம், திருச்சிக்கு மேலப்புதூர் மரியன்னைப் பேராலயம்.

இனிப் பேராயரின் அதிகாரம். தமிழ்நாட்டு இலத்தீன் வழிபாட்டு மறைமாவட்டங்கள் புதுவை-கடலூரையும் சேர்த்து 18. அவை மூன்று மறைமாநிலங்களாக இருக்கின்றன. சென்னை-மயிலையின் கீழ் செங்கல்பட்டு, கோவை, உதகை, வேலூர். மதுரையின் கீழ் திருச்சி, தூத்துக்குடி, கோட்டாறு, குழித்துறை, பாளையங்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல். புதுவை-கடலூரின் கீழ் கும்பகோணம், தஞ்சாவூர், சேலம், தருமபுரி.

"கீழ்" என்று எழுதினாலும் கலெக்டருக்குக் கீழே தாசில்தார் இருப்பது போல நினைத்துவிடக் கூடாது. தஞ்சை ஆயர் தம் மறைமாவட்டத்தை முழு உரிமையோடு ஆள்பவர். ரோமாபுரிக்கு நேரடியாகப் பதில் சொல்பவர். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 436ஆம் எண் பேராயருக்குச் சில கடமைகளைத்தான் தருகிறது. விசுவாசமும் ஒழுங்கும் கெடாமல் கவனித்து, தவறு கண்டால் பாப்பரசருக்குத் தெரிவிப்பார். ஆயர் பங்குகளைச் சந்திக்கத் தவறினால், ரோமாபுரி ஒப்புதலோடு அந்தச் சந்திப்பைத் தாமே நடத்துவார். ஆசனம் காலியானால் மறைமாவட்ட ஆலோசகர் குழு 8 நாளுக்குள் நிர்வாகியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கத் தவறினால் பேராயர் நியமிப்பார். இவற்றுக்கு மேல் கீழ்மறைமாவட்டத்தில் அவருக்கு ஆட்சியதிகாரம் கிடையாது. பங்குத்தந்தை மாற்றம் பிடிக்கவில்லை என்று பேராயர் இல்லத்துக்கு மனு எழுதுகிறார்கள். அங்கே அதற்குத் தீர்வு இல்லை என்பதை ஊர்ச் சபைகளில் எடுத்துச் சொல்வது நல்லது. காலம்தான் வீணாகிறது.

மக்கள் நேரில் உணரும் ஒரே இணைப்பு திருமண வழக்கு. தஞ்சையிலோ கும்பகோணத்திலோ முதல் தீர்ப்பு வந்து ஒரு தரப்பு மேல்முறையீடு செய்தால், பொதுவிதிப்படி அது பேராயரின் நீதிமன்றத்துக்குப் போகும். முன்பெல்லாம் திருமணம் செல்லாது என்று வந்த தீர்ப்பை இரண்டாவது மன்றமும் உறுதி செய்தே ஆக வேண்டும். 2015 டிசம்பர் 8 முதல் அந்தக் கட்டாயம் இல்லை. யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டால் முதல் தீர்ப்பே போதும்.

பேராயரின் அடையாளம் பாலியம், 6 கறுப்புச் சிலுவைகள் தைத்த வெள்ளைக் கம்பளித் தோள்பட்டி. பொறுப்பேற்ற 3 மாதத்துக்குள் அதைக் கேட்டுப் பெற வேண்டும். தம் மறைமாநிலத்துக்குள் மட்டுமே அணிவார். பழைய படத்தில் இருப்பவர் ஆயரா பேராயரா என்று தெரியாவிட்டால் கழுத்தைப் பாருங்கள்.

மறைமாவட்டத்துக்குள் ஆயருக்கு அடுத்தவர் முதன்மைக் குரு. ஆயர் இறந்தாலோ ஓய்வு பெற்றாலோ முதன்மைக் குருவின் பதவியும் அந்த நொடியே முடிந்துவிடும். ஆலோசகர் குழு தேர்ந்தெடுக்கும் நிர்வாகிதான் பிறகு பொறுப்பு. ஆலோசகர் குழுவில் 6 முதல் 12 குருக்கள், 5 ஆண்டுக் காலம். ஆசனம் காலியாக இருக்கும்போது புதிதாக எதையும் மாற்றக் கூடாது என்பது சட்டம். ஓராண்டு ஆகும் வரை நிர்வாகி தம் விருப்பப்படி புதிய பங்குத்தந்தையரை நியமிக்கவும் முடியாது. ஆயர் இல்லாத காலத்தில் மாற்றல் பட்டியல் வரவில்லையே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். உங்கள் பங்கின் குருக்கள் பட்டியலில் ஒருவர் மட்டும் வழக்கத்தைவிட நீண்ட நாள் இருந்ததாகத் தெரிந்தால், ஆசனம் காலியாக இருந்த காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆவணங்களுக்குப் பொறுப்பு வேந்தர் (சான்சலர்). மறைமாவட்டக் காப்பகமும், ஆயரின் கடிதங்களை ஒழுங்குபடுத்துவதும் அவர் வேலை. பணத்துக்குப் பொருளாளர், அவருக்கு மேல் குறைந்தது 3 பேர் கொண்ட நிதிக்குழு. பல பங்குகள் சேர்ந்தது மறைவட்டம், அதற்கு ஒரு மறைவட்ட அதிபர். பங்கில் நிதிக்குழு கட்டாயம். பங்குப்பேரவை, ஆயர் தேவை என்று முடிவு செய்தால் அமைவது. இரண்டுமே ஆலோசனை சொல்பவை. ஓட்டெடுத்துப் பங்குத்தந்தையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பேரவைக்கு இல்லை. ஆனால் காணிக்கைக் கணக்கை மக்களிடம் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பேரவைக் கூட்டத்தில் அதைக் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது.

---

பழம்பதிவு

மூன்றாவது கேள்வி என் பக்கம். வெட்டாறு, நீங்கள் எழுதியதில் ஒரு சிறு திருத்தம். மறைமாவட்டம் மாறினாலும் பங்குப் பதிவேடு இடம் மாறாது. 1952க்கு முன்பும் பின்பும் அதே பங்குப் பீரோவில்தான் இருக்கும். மாறுவது இரண்டாம் பிரதி இருக்கும் இடம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 1918 மே 19 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் பதிவேடுகளின் பிரதியை ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது அது. 1983 சட்டத்தில் அந்தப் பொதுவிதி இல்லை. ஆகவே இடைப்பட்ட காலத்துப் பதிவேடு செல்லரித்துப் போயிருந்தாலும் பிரதி தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. தஞ்சைப் பகுதிக்கு 1952 வரை அந்த ஆயர் இல்லம் மயிலாப்பூர். கும்பகோணப் பகுதிக்கு 1918க்குப் பிறகு எல்லாம் கும்பகோணமே. 1899க்கு முந்தைய கடிதங்கள், குரு நியமனங்களுக்குப் புதுச்சேரியைப் பார்க்க வேண்டும். சேசுசபைப் பங்குகளுக்குக் கொடைக்கானலை அடுத்த செண்பகனூர்க் காப்பகம். பாரீஸ் சபைக் குருக்களின் ஆண்டறிக்கைகள் பாரீஸில் அச்சிலேயே இருக்கின்றன, பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

தேடும் முறை: தெரிந்த கடைசித் திருமணத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். திருமணப் பதிவில் இருவரின் பெற்றோரும் சொந்தப் பங்கும் இருக்கும். மாப்பிள்ளை ஊரில் கிடைக்காவிட்டால் பெண் ஊரில் பாருங்கள். அங்கிருந்து ஞானஸ்நானப் பதிவுக்குப் போகலாம். அதில் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், கொடுத்த குரு, பிறந்த நாளும் இடமும், ஞானஸ்நான நாளும் இடமும் இருக்க வேண்டும். ஓரத்தில் உறுதிபூசுதலும் திருமணமும் குறித்திருப்பார்கள். உங்கள் ஊர் அப்போது கிளைக்கிராமமாக இருந்திருந்தால் பதிவு தாய்ப்பங்கில் இருக்கும். அந்தத் தாய்ப்பங்கும் அதற்கு முன் வேறொன்றின் கிளையாக இருந்திருக்கலாம். இந்தச் சங்கிலியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, எந்த ஆண்டுக்கு எந்தப் பங்கு என்று போட்ட பிறகே பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் "உங்கள் ஊர்ப் பெயரே இதில் இல்லை" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

படிக்கும்போது மூன்று இடத்தில் எல்லோரும் தவறுகிறார்கள்.

முதலாவது மாதம். இலத்தீனில் 7 என்ற எண்ணோடு பிரிஸ் (bris) என்ற வால் ஒட்டியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை அல்ல. 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். பழைய உரோமை எண்ணிக்கை மார்ச்சில் தொடங்கியதால் வந்த வழக்கம். இதைக் கவனிக்காமல் எடுத்த சான்றிதழில் பிறந்த மாதம் இரண்டு மாதம் முன்னால் போய் நிற்கும்.

இரண்டாவது பெயர். ஊரில் இராயப்பன் என்று கூப்பிட்டவர் பதிவில் பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யொவான்னெஸ், சூசை யோசேபுஸ், சந்தியாகு யாக்கோபுஸ், பெலவேந்திரன் அந்திரெயாஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ், ஞானப்பிரகாசம் அலோயிசியுஸ், சாமிநாதன் தோமினிக்குஸ், தேவசகாயம் லாசருஸ். தாத்தா பெயர் தேவசகாயம் என்றால் அகரவரிசையில் 'த' பக்கம் தேடி ஓய்ந்துபோவார்கள், அவர் 'ல' பக்கத்தில் இருப்பார். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஞானப்பெற்றோர் பெயரைக் கொண்டு உறுதி செய்யுங்கள். ஒரு வருடத்தில் ஒரே ஊரில் நாலு சூசை பிறந்திருப்பான், நாலு பேருக்கும் ஒரே ஞானத்தந்தை இருக்க மாட்டார்.

மூன்றாவது மொழி. பதுரவாதோ வழி வந்த பங்குகளில் போர்த்துக்கீசியக் குறிப்புகளை எதிர்பாருங்கள், பாரீஸ் சபைப் பங்குகளில் பிரெஞ்சு. படிவம் இலத்தீன் என்றாலும் ஓரக்குறிப்பைக் குரு தம் தாய்மொழியில் எழுதிவிடுவார். கொள்ளிடக்கரை சொன்ன எல்லைக் கதை இங்கேதான் கைகொடுக்கும். பதிவேட்டில் திடீரென்று மொழி மாறினால் பங்கு கைமாறிய வருடத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்காதீர்கள். காப்பது பங்குத்தந்தையின் சட்டக் கடமை. அவரவர் நிலை குறித்த பதிவுக்கு நகல் பெறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அது போதும். படம் எடுப்பதானால் சன்னல் வெளிச்சத்தில், பக்கத்தை அழுத்தாமல் எடுங்கள். டெல்டா ஈரத்தில் பழைய மை தாளை அரித்து எழுத்து இருந்த இடத்தில் ஓட்டையாகியிருக்கும். செல்லோ டேப் ஒட்டினால் சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்பப் பிரிக்கவே முடியாது. ராமபாணப் பூச்சி இருந்தால் அந்த ஏட்டை மற்றவற்றிலிருந்து தனியாக வையுங்கள்.

---

வெட்டாறு

நால்வருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. ஒரு பெரியவரின் ஞானஸ்நானப் பதிவேடு வெள்ளத்தில் போய்விட்டது. பிரதியும் இல்லை. அவர் குடும்பத்துக்குச் சான்று வேண்டும். அடுத்தது, பங்கு தொடங்கிய ஆண்டு என்று எதைப் போடுவது? கல்வெட்டில் ஒரு வருடம், பழைய மலரில் இன்னொரு வருடம், ஆயர் இல்லக் கையேட்டில் வேறொன்று.

---

சான்சரி மேசை

முதலாவதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. யாருடைய உரிமைக்கும் பாதகம் இல்லாத நிலையில், நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சி போதும். வளர்ந்த வயதில் ஞானஸ்நானம் பெற்றவராயின் அவருடைய சத்தியப் பிரமாணமே போதும். ஞானப்பெற்றோரோ, அன்று உடனிருந்த உறவினரோ உயிரோடு இருந்தால் பங்குத்தந்தை முன் எழுதிக் கையெழுத்திடட்டும். அதோடு திருமணப் பதிவின் நகல், உறுதிபூசுதல் பதிவு, பழைய குடும்பப் பதிவேட்டுப் பக்கம் எது கிடைத்தாலும் இணைத்து வேந்தர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பெயரிலோ பிறந்த நாளிலோ திருத்தம் என்றாலும் வழி அதுதான். பங்குத்தந்தை தாமாகப் பழைய எழுத்தை அடித்துத் திருத்தக் கூடாது. ஆயர் இல்ல அனுமதி எண்ணோடு ஓரத்தில் குறிப்பு எழுத வேண்டும், மூல எழுத்து அப்படியே இருக்க வேண்டும். அடித்துத் திருத்திய பதிவைப் பாஸ்போர்ட் அலுவலகமோ நீதிமன்றமோ சந்தேகத்தோடு பார்க்கும், அப்போது சரியான திருத்தமும் பயனற்றுப் போகும்.

---

கொள்ளிடக்கரை

இரண்டாவதற்கு: அந்த மூன்று வருடமும் சரியாக இருக்கலாம். கல்வெட்டு சொல்வது அடிக்கல் அல்லது அர்ச்சிப்பு. மலர் சொல்வது முதல் குரு வந்து தங்கிய வருடமாக இருக்கும். ஆயர் இல்லக் கையேடு சொல்வது ஆயர் ஆணையிட்டுப் பங்காக உயர்த்திய வருடம். சட்டப்படி பங்கு பிறந்தது ஆணையின் தேதியில்தான். பங்கை உருவாக்கவோ பிரிக்கவோ ஆயரால் மட்டுமே முடியும், அதற்குக் குருக்கள் மன்றத்தின் கருத்தையும் கேட்க வேண்டும். மறைமாவட்டத்துக்கும் இதே கதை. தஞ்சைக்கு ஆணைத் தேதி 1952 நவம்பர் 13, முதல் ஆயர் வந்தது 1953. பொன்விழாக் கணக்கில் ஒரு வருடம் முன்பின் வருவது இதனால்தான்.

மலரில் மூன்றையும் போடுங்கள், எது எதன் வருடம் என்று பெயரிட்டு. ஆணையின் நகல் கிடைத்தால் முழுப்பக்கமாக அச்சிடுங்கள்.

---

பழம்பதிவு

ஆணையின் நகல் பங்கில் இல்லையென்றால் முதல் ஞானஸ்நானப் பதிவேட்டின் தொடக்கப் பக்கத்தைப் பாருங்கள். தனிப் பங்கானதும் எண் 1இலிருந்து புதிய ஏடு தொடங்கியிருப்பார்கள். அந்த முதல் பதிவின் தேதிக்குச் சற்று முந்தைய வாரங்களில் ஆணை வந்திருக்கும். அந்த மாதத்தைக் குறிப்பிட்டு ஆயர் இல்லத்தில் கேட்டால் கோப்பு எடுப்பது சுலபம். தாய்ப்பங்கின் ஏட்டில் உங்கள் ஊர்க் குழந்தைகளின் பெயர் எந்தத் தேதியோடு நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால் தேதி உறுதி. நடுவில் சில மாதம் இடைவெளி இருந்தால் அந்தக் காலத்துப் பதிவுகள் ஏதோ ஒரு மூன்றாவது பங்கின் ஏட்டில் இருக்கும், பக்கத்துப் பங்குகளில் கேளுங்கள்.